வலியறிந்து வழிநடத்தல்

விரைவே வெற்றியாகக் கருதப்படும் களத்தில், "விரைவைக் குறை" என்று ஆணையிடுபவன் தலைவனாதல் கூடுமோ?

2014 நவம்பர் 22 அன்று, கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள புத்ராஜெயாவின் வீதிகளில் பார்முலா ஈ மின்கார்ப் பந்தயம் நடந்தேறியது. இந்தியாவின் மஹிந்திரா அணிக்குத் தில்பாக் கில் தலைமை தாங்கினார்; சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அவ்வணியின் ஓட்டுநர் இருவருள் ஒருவர். அன்றைய மின்கலம் பந்தயம் முழுமைக்கும் போதாது. ஆதலின் ஒவ்வோர் ஓட்டுநருக்கும் இரண்டு கார்கள். இடையில் ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறவேண்டும். விரைந்தோட்டினால் முதற்காரின் ஆற்றல் இடைவழியில் தீரும். முன்கூட்டியே மாறினால் இரண்டாவது கார் இறுதிக்கோட்டை எட்டாது போகலாம்.

இருக்கை ஒன்றே, பொறுப்போ பலருடையது. ஓட்டுநனுக்கு எதிரேயுள்ள வளைவு தெரியும். எஞ்சிய ஆற்றலையும் தூரத்தையும் ஒப்பிட்டுக் கணிப்போர் பாதையோரத்தில் இருப்பர். "முடுக்கியிலிருந்து காலை எடு" என்று அவர்கள் கூறுங்கால், முந்தும் வாய்ப்பை அவன் கைவிட நேர்கின்றது. திறமுடையானைத் தடுக்கும் உரிமை தலைவனுக்கு எங்கிருந்து வருகின்றது? பதவி மட்டும் அதனைத் தந்துவிடாது. கணக்குப் பிழைத்தால் பழியை யானே ஏற்பேன் என்னும் உறுதியே அதனைத் தரும். அவ்வுறுதியற்றவன் ஆணை வெறும் அதிகாரமே.

மயிலிறகே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடியும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். மின்காரில் காலை எடுக்குங்கால், சுழலும் சக்கரம் சிறிது மின்னாற்றலைக் கலத்துக்குத் திருப்பித் தருகின்றது. அடக்கத்தால் வருவதும் ஆற்றலே.

பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ, முந்தி விடை சொல்லத் துடிக்கும் மாணவனைச் சற்றே பொறுக்கச் சொல்லும் ஆசிரியரும் இத்தகைய தலைவரே. அவன் பின்தங்க நேரின் அப்பழி தமதென அவர் ஏற்பாராயின், அம்மாணவன் மனமுவந்து பொறுப்பான்.