கனவுலகக் கதையும் விழிப்பின் சாட்சியும்

கனவுலகில் நிகழும் புனைகதை எதுவாயினும், எழுதியவர் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், ஒரு தத்துவக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறது. விழித்ததும் கனவு பொய்யாகிறது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. பொய்யாவது எது என்பதில்தான் தகராறு. கனவில் கண்ட பொருளா, அங்கே பட்ட துயரமா, பட்டவனா? கடைசிப் பக்கத்தில் ‘எல்லாம் கனவு’ என்று எழுதுகிறவர் மூன்றையும் ஒன்றாகத் தள்ளுபடி செய்கிறார். இந்தியத் தத்துவ மரபு அதை அவ்வளவு சுலபமாக விட்டுவிடவில்லை.

பிருகதாரணியக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் ஜனகனுக்குக் கனவை விளக்குகிறார். கனவில் ஓடும் தேரும் அது ஓடும் பாதையும் வெளியே இருப்பவை அல்ல, உறங்குகிறவனே படைத்துக்கொள்பவை என்பது அவர் விளக்கம். அப்படியானால் கனவு காண்பவனே அந்தக் கதையின் ஆசிரியன். இராமானுசர் இதற்கு உடன்படவில்லை. கட்டுண்ட உயிருக்கு நினைத்ததைப் படைக்கும் ஆற்றல் மறைந்து கிடக்கிறது. ஆகவே கனவுப் பொருள்களை இறைவனே படைக்கிறான், அந்த ஒருவனுக்காக மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும், அவனுடைய சிறு வினைகளின் பயனை அனுபவிக்கத் தருகிறான் என்கிறது அவருடைய ஸ்ரீபாஷ்யம். இந்தக் கணக்கில் கனவுத் துயரம் பொய்யல்ல. சிறிதுநேரம் மட்டுமே நிலைக்கும் மெய் அது.

அத்வைதத்துக்குள்ளேயே இழுபறி உண்டு. மாண்டூக்கிய காரிகையில் கௌடபாதர் கனவையும் நனவையும் ஒரே தட்டில் வைக்கிறார்: இரண்டிலும் தோன்றுவது தோற்றமே. பிரம்மசூத்திர உரையில் பௌத்த விஞ்ஞானவாதியை மறுக்கும்போது சங்கரர் வேறு குரலில் பேசுகிறார். கனவு விழிப்பால் பாதிக்கப்படுகிறது, அதாவது நீக்கப்படுகிறது. நனவு அப்படி நீக்கப்படுவதில்லை. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. கனவை ‘பிராதிபாசிகம்’ (தோன்றும்வரை மெய்) என்றும், நனவை ‘வியாவகாரிகம்’ (நடைமுறைக்கு மெய்) என்றும், பிரம்மத்தை மட்டும் ‘பாரமார்த்திகம்’ (முடிந்த மெய்) என்றும் மூன்று படியாக்கிப் பின்னால் வந்தவர்கள் இந்த முரணைச் சமாதானம் செய்தார்கள்.

ஒழுங்கின்மைதான் கனவின் அடையாளம் என்ற எண்ணத்தை முன்பே அசைத்தவர் பௌத்த விஞ்ஞானவாதியான வசுபந்து. வெளிப்பொருள் இல்லையென்றால் இடமும் காலமும் இப்படி முறையாக அமைவது எப்படி என்ற எதிர்வாதத்துக்கு அவருடைய ‘விம்சதிகா’ தரும் பதில், கனவிலும் அந்த முறை இருக்கிறதே என்பதுதான். கனவில் ஒரு தோட்டம் தெரிந்தால் அது எங்கும் எப்போதும் தெரிவதில்லை. ஓரிடத்தில், ஒரு வேளையில்தான் தெரிகிறது. கனவுலகை எழுதவருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத உண்மை இது. பசு பறப்பதாலோ வீடு பேசுவதாலோ கனவுத்தன்மை வந்துவிடாது. கனவு காண்பவனுக்குக் கனவு நடக்கும்போது எதுவுமே விசித்திரமாகப் படுவதில்லை. இதைக் கவனித்த லூயிஸ் கரோல் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர். 1865இல் வெளியான அவருடைய ஆலிஸ் கதையின் பாத்திரங்கள் தருக்கத்தை விட்டவர்கள் அல்ல, அளவுமீறிப் பிடித்துத் தொங்குகிறவர்கள்.

இந்த வாதங்கள் எல்லாம் கதையாகவே உருவெடுத்த நூல் யோகவாசிட்டம். இதன் பழைய வடிவமான ‘மோட்சோபாயம்’ காஷ்மீரத்தில் 10ஆம் நூற்றாண்டு அளவில் எழுந்தது என்பது ஆய்வாளர் கருத்து. தமிழில் வீரை ஆளவந்தார் இதை ‘ஞானவாசிட்ட’மாகப் பாடினார். வசிட்டர் இராமனுக்குச் சொல்லும் கதைகளில் கனவுக்குள் கனவும், அணுவுக்குள் அண்டமும் சாதாரணம். இலீலையின் கதையில் ஓர் அந்தணர் இறந்து எட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் அவர் வேறோர் உலகில் அரசனாகப் பிறந்து முழு வாழ்வையே வாழ்ந்து முடிக்கிறார். அந்த அரசாட்சி முழுவதும் அவருடைய பழைய வீட்டின் ஓர் அறைக்குள் அடங்கிவிடுகிறது.

இவற்றில் கூர்மையானவை இலவணன் கதையும் காதி கதையும். இலவணனின் அரசவைக்கு வந்த மாயவித்தைக்காரன் மயிற்பீலியைச் சுழற்ற, அரசன் சிறிதுநேரம் சிலைபோல் உறைந்துபோகிறான். தெளிந்ததும் அவன் சொல்வது ஒரு நீண்ட வாழ்க்கையை: குதிரை ஒன்று தன்னைக் காட்டுக்கு இழுத்துச்சென்றது, பசியால் வாடியபோது சோறு கொண்டுவந்த சண்டாளப் பெண்ணைச் சோற்றுக்காகவே மணந்தது, பிள்ளைகள் பிறந்தது, பஞ்சம் வந்தது, பசித்த மகனுக்குத் தன் உடலையே உணவாக்கத் துணிந்து தீயில் இறங்கியது. காதி ஓர் அந்தணர். மாயையைக் காணவேண்டும் என்று திருமாலிடம் வரம் கேட்டவர். நீராட முழுகியவர், தாம் செத்து, சண்டாளனாகப் பிறந்து, பட்டத்து யானை தேர்ந்தெடுத்ததால் கீர நாட்டுக்கு அரசனாகி, குலம் வெளிப்பட்டதும் குடிமக்கள் தீக்குளிக்கத் தாமும் தீயில் விழுந்ததாகக் காண்கிறார். கண் திறந்தால் அதே நீர்நிலை.

வேறு கதைசொல்லியாக இருந்தால் இங்கே நிறுத்தியிருப்பார். வசிட்டர் நிறுத்தவில்லை. இலவணன் மறுநாளே விந்தியக் காட்டுக்குப் போகிறான். கனவில் கண்ட சேரி அங்கே இருக்கிறது. மகளையும் மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் பறிகொடுத்த கிழவி அழுதுகொண்டிருக்கிறாள். காதியும் அந்த ஊர்களைத் தேடிப் போகிறார். எல்லாம் நடந்ததாகவே ஊரார் சாட்சி சொல்கிறார்கள். விழிப்பு கனவை நீக்கிவிடும் என்பதுதான் சங்கரர் காட்டிய வேறுபாடு. அந்த ஓர் ஆதாரத்தையே இந்தக் கதைகள் உருவி எடுத்துவிடுகின்றன. நீக்கவேண்டிய விழிப்பே வந்து சாட்சி சொன்னால் எது கனவு?

இதற்கு நூல் தரும் விளக்கங்கள் கதை அளவுக்கு வலுவானவை அல்ல. காதியிடம் திருமால் கூறுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கு: அவர் மனத்தில் தோன்றியதும் அந்த ஊரார் மனங்களில் தோன்றியதும் தற்செயலாக ஒத்துப்போயின. இலவணனுக்கோ இன்னொரு காரணம் கூறப்படுகிறது. அவன் முன்பு மனத்துக்குள்ளேயே இராஜசூய வேள்வி செய்தான். அந்த வேள்வியால் வரவேண்டிய துன்பமும் மனத்துக்குள்ளேயே வந்தது. இரண்டாவது விளக்கத்தில் ஒரு நேர்த்தி இருக்கிறது. செயல் கற்பனையில் என்றால் வினைப்பயனும் கற்பனையில். ஆனால் விந்தியக் கிழவியின் அழுகைக்கு அது பதில் ஆகாது. அவள் எந்த வேள்வியும் செய்யவில்லை. இராமானுசர் வழியில் போனாலும், கனவுப் பொருள் அதைக் காண்பவனுக்கு மட்டுமே உரியது என்பதால், அவள் கணக்கில் வரமாட்டாள். யோகவாசிட்டம் அவளை ஒரு நிரூபணமாக மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. நூலின் பெரிய குறை இதுதான் என்று சொல்லலாம்.

கனவுப் பாத்திரங்களுக்கு என்ன உரிமை என்ற இந்தக் கேள்வியை ஐரோப்பியப் புனைகதையில் நேரடியாகத் தொட்டவர் கரோலே. 1871இல் வந்த இரண்டாவது ஆலிஸ் கதையில் சிவப்பு அரசன் உறங்குகிறான். அவன் கனவில் வரும் பொருள்தான் நீ, அவன் விழித்தால் நீ இருக்கமாட்டாய் என்று ஆலிஸிடம் சொல்லப்படுகிறது. அவளுக்கு அழுகை வருகிறது. யாருடைய கனவு என்பதைக் கரோல் தீர்த்துவைக்காமல் வாசகரிடமே விட்டுவிடுகிறார்.

வசிட்டர் மட்டும் வேறோர் இடத்தில் இதைத் தீர்க்கிறார். ஒரு துறவி தியானத்தின் நடுவே தன்னை ஜீவடன் என்ற மனிதனாகக் கற்பிக்கிறார். ஜீவடன் குடித்து உறங்கி, தன்னை அந்தணனாகக் கனவு காண்கிறான். அந்தணன் சிற்றரசனாக, சிற்றரசன் பேரரசனாக, பிறகு தேவமகளாக, மானாக, கொடியாக, வண்டாக, யானையாக, அன்னமாக என்று கனவு நீண்டு கடைசியில் உருத்திரனில் போய் நிற்கிறது. கடைசிக் கனவில் வந்தவனே முதலில் விழிக்கிறான் என்பது கதையின் பெரிய திருப்பம். உருத்திரன் துறவியிடம் வந்து அவரை எழுப்புகிறான். பிறகு இருவரும் சேர்ந்து ஜீவடனை, அந்தணனை என்று ஒவ்வொருவரையும் தேடிப்போய் எழுப்புகிறார்கள். எழுப்பப்பட்டவர்கள் யாரும் மறைந்துபோவதில்லை. அவரவர் ஊருக்குத் திரும்பி, குடும்பத்தோடு எஞ்சிய நாளை வாழ்ந்து முடித்துவிட்டுத் தன்னிடம் வரும்படி உருத்திரன் அவர்களை அனுப்பிவைக்கிறான். அவர்களும் அப்படியே செய்கிறார்கள்.