சாலையில் சாய்ந்த மரம்

ஹைதராபாத் பாறைமேல் எழுந்த ஊர். பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே கருங்கல் தட்டும். மரத்தின் வேர் ஆழம் போக வழியில்லை. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை காற்றோடு இறங்கும்போது குல்மோஹர் போன்ற மரங்கள் வேரோடு பெயர்ந்து விழுகின்றன. நின்றது ஒருவர் வீட்டுத் தோட்டத்தில், விழுந்தது பொதுச்சாலையில். அதை அகற்றும் கடமை யாருக்கு?

'உன் மரம், நீயே எடு' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளைகளுக்குள் அறுந்த மின்கம்பி கிடக்கலாம். அரிவாளோடு இறங்கும் வீட்டுக்காரரைப் பாராட்டக் கூடாது, கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வேலைக்குப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது. முன்பு மாநகராட்சியிடம் இருந்த அது, 2024 ஜூலையில் அமைந்த ஹைட்ரா என்ற அரசு அமைப்பிடம் போயிருக்கிறது. சொத்து வரி கட்டுவது இதற்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் உண்டு. செலவு, பழி இரண்டையும் வீட்டுக்காரர் தலையில் கட்டினால், அடுத்த மழைக்குள் பாதித் தோட்டங்கள் மொட்டையாகிவிடும். மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் நீர், நிலம், மரச் சட்டம். பயந்தவர் அனுமதிக்கெல்லாம் காத்திருக்கமாட்டார். 1908இல் மூசி ஆறு பெருகியபோது அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் பிழைத்த ஊர் இது. அங்கே மரம் வளர்ப்பதே ஆபத்து என்று ஆகிவிடக் கூடாது.

அப்படியானால் வீட்டுக்காரர் கைகழுவிவிடலாமா? முடியாது. அவருடைய பொறுப்பு மரம் நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது. விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ அதன் உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் நடுவருக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவிலேயே இருந்தது. புதிய சட்டத்தில் அது 152ஆம் பிரிவு. டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர்மேல் சாலை மரத்தின் கிளை முறிந்து விழுந்து அவர் இறந்த வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியே பொறுப்பு என்றது. மரத்தைக் கவனிக்கும் கடமையில் தவறியதே அது கண்ட குற்றம். அரசு அமைப்புக்கு வைத்த அந்த அளவுகோலைத் தனிமனிதர் மட்டும் தட்டிக்கழிப்பது எப்படி?

கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அடிமரம்வரை சிமென்ட் பூசியவர் யார்? காம்பவுண்ட் சுவருக்காக ஒரு பக்க வேரை வெட்டியவர் யார்? இவற்றைச் செய்துவிட்டு 'எல்லாம் காற்றின் செயல்' என்பவர் சாலையை மறித்த குற்றத்தில் பங்காளிதான். அகற்றும் செலவில் ஒரு பகுதியை அவரிடம் வசூலிப்பது தகும். வேருக்கு இடம்விட்டு, பட்ட கிளையை அனுமதியோடு கழித்து, சாய்வு தெரிந்ததும் மாநகராட்சிக்கு எழுதிக்கொடுத்தவரிடம் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. மின்கம்பிக்காகச் சாலைப் பக்கக் கிளைகளை மட்டும் வெட்டி மரத்தை ஒருக்களிக்க வைக்கும் மின்வாரியமும் இந்தக் கணக்கில் வரவேண்டும். அதை யாரும் கேட்பதே இல்லை.

மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குச் சிமென்ட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்குச் சொன்னது. ஹைதராபாத் வீட்டுக்காரர்களே, உத்தரவு வரட்டும் என்று இராமல், கோடை மழைக்கு முன் ஒரு கடப்பாரையை எடுங்கள்.