வெள்ளையடிக்கப்பட்ட சுவர்

சுவர் ஒருவருக்குச் சொந்தமாகலாம். அதில் தீட்டப்பட்ட நினைவு யாருக்குச் சொந்தம்? அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரிலுள்ள ஓர் ஆலயத்தின் முகப்பு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

அந்நகரின் தென்பகுதியில் 1967-இல் கறுப்பின ஓவியர் பலர் கூடி, ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் தம் இனத்துப் பெருமக்களின் முகங்களைத் தீட்டினர். ‘மதிப்பின் சுவர்’ எனப்பட்ட அதில் அறிஞர் டு பாய்ஸ், மால்கம் எக்ஸ், முகமது அலி, கவிஞர் குவென்டொலின் புரூக்ஸ் முதலியோர் இடம்பெற்றனர். தானும் கடவுளின் சாயலே என்று ஏழைச் சிறுவன் ஒருவன் தலைநிமிர்ந்து நிற்க, அவன் தெருவிலேயே ஒரு சுவர் கிடைத்தது. 1971-இல் தீ விபத்து நேர்ந்தபின் அக்கட்டடம் இடிக்கப்பட்டது.

அவ்வோவியருள் ஒருவரான வில்லியம் வாக்கர், 1970-களின் தொடக்கத்தில் கப்ரினி-கிரீன் குடியிருப்பின் அருகே மீண்டும் தூரிகை எடுத்தார். குடியேறியோரின் பாதுகாவலியான புனித பிரான்சிஸ் கப்ரினியின் பெயரைத் தாங்கிய அக்குடியிருப்பில், அப்போது வறிய கறுப்பின மக்களே பெரும்பாலும் வாழ்ந்தனர். இத்தாலியக் குடியேறிகளுக்கென எழுந்த ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயத்தின் முகப்பில் அவர் ‘மானிடர் அனைவரும்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். பல இனத்தாரும் ஒன்றி நிற்கும் அக்காட்சியோடு இயேசு, காந்தியடிகள், மார்ட்டின் லூதர் கிங், சிறுமி ஆன் பிராங்க் ஆகியோரின் பெயர்களையும் எழுதி, இவர்கள் ஏன் சிலுவையில் அறையப்பட்டனர் என வினவியிருந்தார்.

ஆலயம் பின்னர் பாப்டிஸ்து சபையாரிடம் சென்றது. குடியிருப்பின் கடைசி அடுக்குமாடி 2011-இல் இடிக்கப்பட்டது. 2015 டிசம்பரில், திருவருகைக் காலத்தில், அந்தக் கேள்விக்கு மேல் வெள்ளை பூசப்பட்டது.

உரிமையாளர் தம் சுவருக்கு வெள்ளையடிப்பதில் பாவம் என்ன என்று சிலர் கேட்கலாம். சட்டத்தின்படி குற்றமில்லாதிருக்கலாம். ஆயினும், தனியுடைமையின்மீது சமூகத்தின் அடமானம் ஒன்று உண்டு எனத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1987-இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். நிலத்துக்கும் வீட்டுக்கும் பொருந்தும் இப்படிப்பினை, ஒரு மக்களின் கண்ணீரைத் தாங்கிய சுவருக்குப் பொருந்தாதோ?

எனினும், வெள்ளை பூசிய கையை மட்டும் பழிப்பது எளிது. அந்த ஓவியத்தைத் தம்முடையது எனக் காத்திருக்கக்கூடிய மக்கள் ஏற்கெனவே சிதறடிக்கப்பட்டனர். நகரத் திட்டமும் நிலத்தின் விலையும் அண்டை அயலாரின் அலட்சியமும் அதில் பங்கேற்றன. சுவரின்மேல் பூசியது கடைசிப் பூச்சே. முதற் பூச்சு மனிதர்மேல் பூசப்பட்டது. இனவெறி ஒரு பாவம் என அமெரிக்க ஆயர்கள் 1979-இல் தெளிவாக அறிக்கையிட்டனர். அது தனி மனிதரின் இதயத்தில் மட்டுமன்று, சமூக அமைப்புகளிலும் குடிகொள்ளும் பாவம்.

அமைதி இல்லாதபோது அமைதி என்று கூறி, உறுதியற்ற சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவோரை இறைவாக்கினர் எசேக்கியேல் கடிந்துகொண்டார். நாமும் ஆலயத் திருவிழாவுக்குச் சுவரெல்லாம் வெள்ளையடிக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் சாதியால் பிரிக்கும் சுவர் எங்கேனும் நின்றால், அதற்கும் வெள்ளையடித்துவிட்டு நிறைவடைகிறோமா? வாக்கரின் வினா சுவரிலிருந்து மறைந்துவிட்டது. விடை சொல்லும் கடமையோ நம்மிடமே நிற்கிறது.