பந்தலில் மிஞ்சியது யாருடையது?

அமெரிக்காவில் ஆகஸ்ட் 8 ஒரு வேடிக்கையான நாள். ஆள் அரவம் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு வாசலில் சுக்கினிக் காய்களை வைத்துவிட்டு நழுவிவிட வேண்டும். டாம் ராய், ரூத் ராய் தம்பதி விளையாட்டாகத் தொடங்கிவைத்த நாள் இது. பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த சுக்கினி பறிக்கப் பறிக்கக் காய்க்கும். பறிக்காமல் விட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய், காய் முற்றி, பிஞ்சு விடுவது குறையும். நம்மூர் மாடித்தோட்டத்தில் சுரைக்கொடி வைத்தவர்களுக்கும் இந்த அவஸ்தை தெரியும். முதல் காயைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். பத்தாவது காயை எதிர்வீட்டு அக்கா தலையில் கட்டுவார்கள்.

தலையில் கட்டுவது தானம் ஆகுமா?

கடோபநிஷதம் தொடங்குவதே இந்த உறுத்தலில்தான். வாஜசிரவஸ் வேள்வி செய்து உடைமைகளையெல்லாம் தானம் கொடுக்கிறார். ஆனால் ஓட்டிவரப்படும் பசுக்கள் பால் வற்றியவை, இனி கன்று போடாதவை. சிறுவன் நசிகேதனுக்கு அது பொறுக்கவில்லை. என்னை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று தந்தையைக் கேட்கிறான், விடாமல் கேட்கிறான். எமனுக்கு என்று அவர் சீறிய பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. நார் ஏறிய வெண்டைக்காயைப் பையில் போட்டு வாட்ச்மேனிடம் நீட்டுகிறவர்கள் இந்த முதல் பக்கத்தை ஒருமுறை படிக்கலாம்.

யூத மரபின் அறுவடைச் சட்டம் கொடுப்பவரின் மனசுக்குள் போவதே இல்லை. வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவருக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் கட்டளை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, அந்த ஓரம் விளைச்சலில் 60இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்கிறது. இன்ன ஏழைக்குத்தான் தருவேன் என்று நிலக்காரர் தேர்ந்தெடுக்கவும் முடியாது. அது அவருடையதே அல்ல. அதனால் நன்றியை எதிர்பார்க்கவும் இடமில்லை. இவ்வளவு கறாரான சட்டம் காய்கறியைத் தப்பவிட்டது. ஒரே நேரத்தில் அறுவடையாகி, சேமித்து வைக்கத் தக்க விளைச்சலுக்குத்தான் விதி. தானியமும் பருப்பும் சிக்கின; காயவைத்து அடுக்கும் வெங்காயமும் சிக்கியது.

இஸ்லாமியச் சட்டத்திலும் இதே கேள்வி உண்டு. மழையில் விளைந்ததில் 10இல் ஒரு பங்கு, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் 20இல் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். காய்கறிக்கும் உண்டா? சேமிக்கக்கூடிய உணவுப் பயிருக்கு மட்டும்தான் என்றது ஷாஃபி சட்ட வழி. மண் விளைவிக்கும் காய்கறிக்கும் உண்டு, இத்தனை அளவுக்கு மேல்தான் என்ற வரம்பும் இல்லை என்றார் 767இல் மறைந்த அபூ ஹனீஃபா. அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃப், முஹம்மத் இருவருமே இதில் குருவோடு ஒத்துப்போகவில்லை. தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் ஷாஃபி வழி. ராவுத்தர்கள் அபூ ஹனீஃபாவைப் பின்பற்றும் ஹனஃபி வழி. இவையெல்லாம் வயலை நினைத்து எழுந்த விதிகள், கொல்லைப் பந்தலை நினைத்து அல்ல. ஆனாலும் விலக்குக்குப் பின்னால் உள்ள நியாயம் பந்தலுக்கும் பொருந்துகிறது: அழுகுவதைப் பதுக்க முடியாது. 1689இல் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கும் சொத்துரிமைக்கு இதையே எல்லையாக வைத்தார். கெட்டுப்போகும் முன் பயன்படுத்த முடிந்த அளவே ஒருவருடைய பங்கு. அதற்கு மேற்பட்டது அடுத்தவருடையது.

கத்தரி வற்றலும் கொத்தவரை வற்றலும் போட்ட பாட்டிமார் அந்த எல்லையை என்றைக்கோ தள்ளிவைத்துவிட்டார்கள். ஃப்ரீசர் வந்த பிறகு எல்லை இன்னும் தள்ளிப்போயிற்று. காயும் பதுக்கக்கூடிய பொருளாகிவிட்டதால், மாணவர்களைவிட அபூ ஹனீஃபாவின் பக்கமே இன்றைக்கு நியாயம் அதிகம் தெரிகிறது.

மிஞ்சும்வரை காத்திராத வழியும் ஒன்று உண்டு. 1995இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், செய்தித்தாளில் தோட்டப் பத்தி எழுதிவந்த ஜெஃப் லோவன்ஃபெல்ஸ் தன் வாசகர்களிடம் ஒன்று கேட்டார்: பசித்தவர்களுக்கென்று ஒரு வரிசை கூடுதலாக நடுங்கள். அமெரிக்கத் தோட்ட எழுத்தாளர் சங்கம் அதை நாடெங்கும் எடுத்துச் சென்றது. இங்கே பங்கு பிரிவது விதைக்கும்போதே. வீட்டார் தின்று சலித்த பிறகு அல்ல. பிஞ்சாகப் பறிக்க வேண்டிய நாளில் பறித்தாக வேண்டும், ஏனென்றால் இன்னொருவருடைய சமையல் அதற்காகக் காத்திருக்கிறது. என்ன நடுவது என்ற கணக்கும் மாறிவிடுகிறது: மறுநாளே வாடும் கீரையைவிட, சில நாள் தாங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் அன்னதானக்கூடத்துக்குத் தோதானவை.