ஒன்றரை மனிதர்

வரலாற்று நூலொன்று யாரை எண்ணுகின்றது, யாரை எண்ணாது விடுகின்றது என்பது அறத்தைப் பற்றிய வினாவாகும். பிக்குமார் பேணிய அரச வரலாறாகிய மகாவம்சம் இவ்வினாவைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது.

துட்டகைமுனு எல்லாளனை வென்றது கி.மு. 2ஆம் நூற்றாண்டில். அனுராதபுர மகாவிகாரையைச் சார்ந்த மகாநாம தேரர் அதனைப் பாளிச் செய்யுளாக்கியதோ ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளின் பின்னர். முன்னெழுந்த தீபவம்சம் சில செய்யுட்களிற் கூறிமுடித்த அரசனுக்கு, மகாவம்சத்தின் 37 அதிகாரங்களுள் 11 உரியவாயின. இவ்வளர்ச்சி காரணமின்றி ஏற்பட்டதன்று. மகாசேனன் காலத்தில் அரச ஆதரவை இழந்த மகாவிகாரை ஒன்பது ஆண்டுகள் பாழாய்க் கிடந்தது. அபயகிரி விகாரையின் போட்டியும் ஓயவில்லை. 5ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியர் அறுவர் அடுத்தடுத்து அனுராதபுரத்தை ஆண்டனர். தாதுசேனன் அவ்வாட்சியை முடித்தான். சங்கத்தைக் காக்கும் வீர மன்னன் ஒருவன் அக்காலத்துக்கு வேண்டியிருந்தான்.

போர் முடிந்தபின் துட்டகைமுனு மாளிகையிலிருந்து தன் பெருவாழ்வை எண்ணுகின்றான். மாண்ட சேனையின் நினைவு அவனை மகிழவிடவில்லை. அதனையறிந்து எண்மர் அருகதர் வந்து ஆறுதல் கூறுகின்றனர். கொல்லப்பட்டோர் ஒன்றரை மனிதரே: மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன், ஐந்து சீலங்களை ஏற்றவன் ஒருவன். எஞ்சியோர் விலங்கையொத்தவர் என்பதே அவ்வாறுதல். கொல்லாமையை முதற் சீலமாகக் கொண்ட சமயத்தின் பெயரால் இக்கணக்கு உரைக்கப்படுகின்றது.

எல்லாளன் பௌத்தனல்லன். எனினும், பகைவர்க்கும் நண்பர்க்கும் ஒப்ப நீதி வழங்கினான் என்றும், கன்றைக் கொன்ற மகனுக்குத் தண்டனை விதித்தான் என்றும் அந்நூலே போற்றுகின்றது. அவன் நினைவிடத்தைக் கடக்கையில் அரசரும் வாத்தியங்களை நிறுத்துவர் என்கின்றது. ஆகவே, சமயம் ஒன்றே இக்கணக்கின் அளவுகோலன்று. மாற்றுச் சமயத்து மன்னனுக்கு நினைவிடம் உண்டு. அவனுக்காக மாண்ட உழவனுக்கும் கூலிவீரனுக்கும் மனிதன் என்னும் பெயரும் இல்லை. முடிதரித்தவன் பகைவனாயினும் மனிதனாகின்றான். முடியில்லாதவன் எண்ணிக்கையில் மறைகின்றான்.

அவ்வாறாயின் இந்நூலை நாம் எறிந்துவிடலாமா? ஆகாது. ஆறுதலை எழுதிய அதே கை அரசனின் துயரையும் எழுதியுள்ளது. கொலை கொலையே என்னும் உணர்வு அக்காலத்து உள்ளங்களில் வலிதாய் இருந்தமையாலேயே அதனைத் தணிக்க வானிலிருந்து எண்மர் வரவேண்டியதாயிற்று. ஆறுதல் பொய்யாகலாம், அவ்வாறுதலை வேண்டிய துயர் பொய்யன்று.

1983 முதல் 2009 வரை இந்நாட்டில் நீடித்த போரின்பின்னர், மாண்டோர் எத்துணையர் என்பதிலேயே நாம் இன்னும் வாதிடுகின்றோம். தம்மவரை முழு மனிதராகவும் பிறரைப் பின்னமாகவும் எண்ணும் வழக்கம் ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று. எல்லாளனை நம்மவனென்று வகுப்பறையிற் புகழ்ந்து, மறுபுறத்து மாண்ட சிங்கள உழவனை மறப்போமாயின், நாமும் அருகதரின் கணக்கையே எழுதுகின்றோம். பெயர்கள் மட்டுமே மாறுகின்றன.

மாணவர்க்கு இப்பகுதியை மறைத்தலும் வேண்டா, வெறுப்புடன் கற்பித்தலும் வேண்டா. அரசனின் துயரையும் அருகதரின் விடையையும் அருகருகே வைத்து, எது அறமெனக் கேட்போம். சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் ஒரே விடையைக் கூறும் நாளில், அப்போர்க்களத்து மாண்டோர் அனைவரும் முழு மனிதராவர்.