படிமமும் கடனும்

படிமம் என்ற சொல்லைக் கவிதை விமர்சனத்துக்கென்று நாம் எடுத்து வைத்துக்கொண்டு வெகுகாலமாகிறது. மருத்துவர்களும் இன்று அதை உபயோகிக்கிறார்கள். உயிரோடிருக்கும் மூளையைப் படம் பிடிக்கும் துறைக்குப் படிமவியல் என்று பெயர். சொல் ஒன்றாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் எழும் கேள்வி ஒன்றே: படிமம் காட்டுவது எதை, காட்டுவதாக நாம் எண்ணிக்கொள்வது எதை? கவிதையில் இதற்குத் தவறாகப் பதில் சொன்னால் நஷ்டம் ஒரு கவிதையோடு போயிற்று. மூளைப் படத்தில் அப்படி இல்லை. அங்கே தவறின் மறு முனையில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார்.

மோட்டார் நியூரான் நோயில், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் அழிந்துகொண்டே போகின்றன. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு விடும் தசைகள். பெரும்பாலோர் அறிகுறி தோன்றி 2 முதல் 5 வருஷங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். 1963இல் நோய் கண்டறியப்பட்டு 2018 வரை வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்கிங் அபூர்வமான விதிவிலக்கு. தொடு உணர்ச்சி அநேகமாகக் கெடாமல் இருக்கும். அரிக்கும், சொறிய முடியாது. இந்த நோயில் 2010இல் இறந்த வரலாற்றாசிரியர் டோனி ஜட், அதே வருஷத் தொடக்கத்தில், அசையாமல் கிடந்து இரவைக் கழிப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த இரவு எந்த ஸ்கேனிலும் பதிவாகாது.

நோயை மருத்துவத்துக்கு அடையாளம் காட்டியவர் ஷார்க்கோ. பாரீஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில், 1869இல் இது பற்றி எழுதினார். 1874இல் பெயர் கொடுத்தார். அவருடைய முறை எளியது, பயங்கரமானது. நோயாளியை வருஷக்கணக்கில் கவனிப்பது, குறித்து வைத்துக்கொள்வது, இறந்தபின் உடலைத் திறந்து, உயிரோடிருந்தபோது கண்ட குறிகளுக்கு உள்ளே காரணம் தேடுவது. அந்தப் பார்வைக்கு மரணம் ஒரு நிபந்தனை. சாகும்வரை காத்திருந்தால்தான் தெரியும். தெரிந்தபோது, தெரிந்ததால் பயன்பெற ஆள் இல்லை.

படிமவியல் இந்த நிபந்தனையை நீக்க முயல்கிறது. பெட் ஸ்கேன் என்ற முறையில், கதிரியக்கமுள்ள கார்பன்-11 பொருத்திய ஒரு பொருளை மிகச் சிறிய அளவில் ரத்தத்தில் செலுத்துகிறார்கள். டி.எஸ்.பி.ஓ. என்ற புரதம் எங்கே மிகுதியோ அங்கே அது போய் ஒட்டுகிறது. மூளையின் காவல் அணுக்கள் என்று சொல்லத்தக்க மைக்ரோக்ளியா கிளர்ச்சியடையும்போது இந்தப் புரதம் பெருகும் என்பது இதற்கு அடிப்படையான எண்ணம். கார்பன்-11 ஏறக்குறைய 20 நிமிஷத்தில் பாதியாகும். 2 மணி நேரத்தில் 64இல் 1 பங்குதான் மிஞ்சும். அதற்குள் பார்த்துவிட வேண்டும். 2004இல் லண்டனில் 10 நோயாளிகளை வைத்து முதன்முதலாக இப்படிப் பார்த்தார்கள். இயக்கத்தை ஆளும் மூளைப் புறணியில் மட்டுமல்ல, வேறு பகுதிகளிலும் ஒளிர்வு மிகுந்திருந்தது. புறணியில் அது கூடியவர்களிடம் மேல் இயக்க நரம்பணுச் சேதத்தின் குறிகளும் கூடியிருந்தன. 2015இல் பாஸ்டனில், இன்னும் கூர்மையான வேறொரு பொருளைக் கொண்டு, ஏறக்குறைய இதே இடத்தில் இதையே கண்டார்கள்.

இந்த ஆராய்ச்சியில் படுப்பவருக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றும் இல்லை. அவருடைய சிகிச்சையை இந்தப் படம் மாற்றாது. மாற்றச் சிகிச்சை என்று அதிகம் இல்லவும் இல்லை. 1995இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட ரிலுஸோல் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது. 2023இல் வந்த டோஃபெர்சன், ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ள சிலருக்கு மட்டும். அசைவை நாளுக்கு நாள் இழந்துவருகிறவரிடம், ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுத்திருங்கள் என்று கேட்கிறோம். தலை நகர்ந்தால் படம் கலங்கிவிடும். நோய் முற்றியவர்களால் மூச்சுத் தசையின் பலவீனத்தால் மல்லாந்து படுக்கவே முடியாது. ஆகவே நம்மிடம் உள்ள படங்கள் பெரும்பாலும் இன்னும் படுக்க முடிந்தவர்களுடைய படங்கள். நோயின் கடைசி அறைக்குள் ஷார்க்கோவின் கத்தி போனது. இந்தக் கருவி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இதைச் சுரண்டல் என்று சொல்வது சுலபம். தியாகம் என்று சொல்வது அதைவிடச் சுலபம். இரண்டுமே படுத்திருப்பவரை மனிதராக நினைக்க மறுக்கின்றன. முதலாவது அவரை ஏமாளி ஆக்குகிறது; இரண்டாவது சிலை ஆக்குகிறது. தனக்குப் பயனில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தெரிந்துதான் வருகிறார். அவர் தருவது, அவரிடம் மிகக் குறைவாக உள்ள ஒன்றை: நேரத்தை. எனக்குப் படுவது, இது தானம் அல்ல, கடன் என்று. கடன் என்றால் வாங்கியவன் திருப்பித் தர வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

நம்பிக்கையை என்று உடனே சொல்லத் தோன்றும். அது பொய்ப் பணம். அதற்கு உதாரணம் இந்தத் துறைக்குள்ளேயே இருக்கிறது. அழற்சி என்கிறோம். சொல்லுக்குள் அழல் இருக்கிறது. லத்தீன் வழி வந்த ஐரோப்பியச் சொல்லிலும் தீதான் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் செல்ஸஸ் அதற்கு நாலு குறிகள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. மைக்ரோக்ளியா கிளர்வதில் இவற்றில் ஒன்றையும் நோயாளி உணர்வதில்லை. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. ஆனாலும் தீ என்று பெயரிட்டபின் கை தானாகத் தண்ணீரைத் தேடுகிறது. அழற்சியைத் தணிக்கும் மினோசைக்ளின் மருந்து எலிகளில் நன்மை செய்தது. அமெரிக்காவில் 412 நோயாளிகளுக்கு நடந்த சோதனையின் முடிவு 2007இல் வந்தது. மருந்து பெற்றவர்கள், பெறாதவர்களைவிட 25 சதவிகிதம் வேகமாக நலிந்தார்கள். ஏன் என்பது வேறு விஷயம். காவலாளிகளில் சிலர் எரிப்பவர்கள், சிலர் காப்பவர்கள். ஒரே அணு நோயின் ஒரு கட்டத்தில் காத்து இன்னொரு கட்டத்தில் கெடுக்கலாம். தீ என்ற ஒற்றைச் சொல்லில் இதற்கு இடமில்லை. உருவகம் சிந்தனையின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. கவிதையில் நாம் கண்டிக்கும் அதே சோம்பல்.

படிமத்துக்கும் இதே கதி. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு, மரபணுவில் ஓர் எழுத்து வேறுபாட்டால், புதிய பொருள்கள் இந்தப் புரதத்தில் சரியாக ஒட்டுவதில்லை. அவர் மூளையில் என்ன நடந்தாலும் படம் இருட்டாகவே இருக்கும். அவரை ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை. 2023இல் இன்னும் பெரிய அடி விழுந்தது. எலியின் மைக்ரோக்ளியா கிளரும்போது டி.எஸ்.பி.ஓ. பெருகுவது உண்மை. மனிதனில் அப்படி இல்லை; ஒளிர்வு அணுக்களின் நெருக்கத்தைத்தான் சொல்கிறது, அவற்றின் கோபத்தை அல்ல. கூட்டம் தெரிகிறது, அது கலவரமா, காவலா என்பது தெரியவில்லை. இதைக் காட்டிக்கொடுத்தது எது? மோட்டார் நியூரான் நோயிலும் அதைப் போன்ற வேறு நோய்களிலும் இறந்தவர்கள் விட்டுச்சென்ற மூளைத் திசு. உயிரோடிருப்பவரின் படத்தைத் திருத்த, ஷார்க்கோவின் பழைய மேஜைக்கே போக வேண்டியிருந்தது.

அப்படியானால் லண்டனிலும் பாஸ்டனிலும் படுத்திருந்தவர்களின் நேரம் வீணா? இல்லை என்பது என் எண்ணம். படம் பொய் சொல்லவில்லை. அதன் அடியில் நாம் எழுதிய தலைப்புதான் அவசரப்பட்டது. அந்தப் படங்கள் இருந்ததால்தான் தலைப்பைத் திருத்தவும் முடிந்தது. வாங்கிய நேரத்துக்குத் திருப்பித் தர வேண்டியது நம்பிக்கை அல்ல, உண்மை. அது 'இல்லை' என்ற உண்மையாக இருந்தாலும் கடன் தீரும். 2007இன் 'இல்லை'யை மறைத்திருந்தால், தீயை அணைக்கிறோம் என்று இன்னும் பலரைச் சீக்கிரம் கொன்றிருப்போம். 2023இன் 'இல்லை'யை மறைத்திருந்தால், நெருக்கத்தைக் கோபம் என்றே வாசித்துக்கொண்டிருப்போம்.

கடன் தீராமல் போவது ஒரே வழியில்தான். ஒளிரும் வண்ணப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பார்த்துவிட்டோம் என்று திருப்தியடைந்துவிடுவது. அந்தச் சிவப்பும் மஞ்சளும் கணிப்பொறி எண்களுக்குப் பூசிய நிறம். உள்ளே அப்படி ஒரு நிறம் இல்லை. கருவியிலிருந்து வெளியே இழுக்கப்படும்போது அவர் முகத்தில் ஏதோ ஊர்கிறது. கையை எடுக்க முடியவில்லை. பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டிய இடம் அப்போது திரை அல்ல.