பக்குவம்

எங்கள் பீரோவின் உள்ளறையில் அந்துருண்டை வாசத்தோடு ஒரு மஞ்சள் பை இருந்தது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அண்ணன் கட்டிய வரி ரசீதுகள் எல்லாம் அதற்குள். அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒன்றரை கிரவுண்டு மனை. அண்ணி முன்னமே போய்விட்டார். 1984-இல் அண்ணனும் போனார். பையனுக்கு அப்போது பத்து வயது. கோர்ட்டு என்னைக் கார்டியனாகப் போட்டது.

கோர்ட்டு கார்டியன் போட்டால் மைனர் வயது 18-இல் முடியாது, 21 வரை போகும் என்பது அன்றைய சட்டம். 1999-இல்தான் அதை மாற்றினார்கள். ஆக 1995-இல் நான் பையைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது 1998-இல்.

“சித்தப்பா, அந்தப் பேப்பரெல்லாம்...” என்று முதல் தடவை அவன் இழுத்தபோது, “கொஞ்சம் பக்குவம் வரட்டும்டா” என்றேன். வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகட்டும் என்றேன். அதுவும் ஆனது. ஒரு குழந்தை பிறந்தால் பொறுப்பு தானாக வரும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஒரு பைசா தின்றவனில்லை. வருஷா வருஷம் வரி கட்டினேன், முள்வேலி போட்டேன், எல்லைக்கல்லை நகர்த்த வந்தவனோடு தெருவில் நின்று கத்தினேன். கை சுத்தமாக இருந்ததால்தான் செய்துகொண்டிருந்தது தப்பு என்றே உறைக்கவில்லை.

அந்த நாட்களில் ஏதாவது வேலையாகப் பட்டணம் போனால் தீவுத்திடல் பக்கம் பஸ் ஜன்னல் வழியாக மன்றோவைப் பார்ப்பேன். 1820 முதல் 1827 வரை சென்னையின் கவர்னர். சிற்பி சான்ட்ரி வார்த்த சிலை, 1839-இல் நிறுத்தினார்கள். குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டான் என்று ஊரில் கதை கட்டினார்கள். எனக்கு வேறு யோசனை: அங்கவடி இல்லாத மனுஷன் எப்படி இறங்குவார்?

மன்றோ கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். 1780-இல் படையில் சேரும் பொடியனாக வந்தார். பாராமகாலில் வெயிலில் அலைந்து ரயத்துவாரி முறையைப் பழகினார். கவர்னரான பிறகு 1824 டிசம்பர் 31-ஆம் தேதி நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். பெரிய உத்தியோகங்களிலிருந்து ஒரு ஜனத்தைத் தள்ளிவைத்தால் அந்த ஜனத்தின் குணமே தாழ்ந்துபோகும் என்று அதில் சொல்கிறார். அந்தக் காலத்து வெள்ளைக்காரரில் அதைச் சொன்னவர்கள் குறைவு. அதே குறிப்பில்தான், இந்த ஜனங்கள் தங்கள் மூடநம்பிக்கைகளைப் பெரும்பாலும் விட்டொழித்துத் தாங்களே ஒழுங்கான அரசாங்கம் அமைக்கும் அறிவைப் பெறும் வரை ஆட்சி நம்மிடமே இருக்க வேண்டும் என்கிறார். எப்போது வரை? ஏதோ ஒரு பிற்காலம். தேதி இல்லை. “பக்குவம் வரட்டும்டா” என்ற என் குரலே காதில் விழுந்த மாதிரி இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. மூடநம்பிக்கை போகட்டும் என்று எழுதிய இவரையே நம் ஜனங்கள் பக்திக் கதைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மந்திராலயத்து மானியத்தைத் திரும்ப எடுப்பதா என்று விசாரிக்கப் போன மன்றோ, செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டுப் பிருந்தாவனத்தின் முன்னால் நின்றாராம். 1671-இல் பிருந்தாவனம் புகுந்த ராகவேந்திரர் இவரோடு இங்கிலீஷில் பேசினாராம். கூட நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். கையில் மந்திராட்சதை வாங்கிக்கொண்டு மானியத்தை அப்படியே விட்டுவிட்டார் என்கிறது மடத்துக் கதை. நடந்ததா என்று நான் ஆராயப் போவதில்லை. அவர் நமக்குப் பரீட்சை வைத்தார். நாம் அவரைப் பரீட்சை இல்லாமலே பாஸ் போட்டுவிட்டோம்.

பக்குவம் என்ற சொல்லை நான் சாதாரணமாகத்தான் வீசிக்கொண்டிருந்தேன். சைவ சித்தாந்தத்தில் அது கனமான சொல். மலபரிபாகம் என்பார்கள், ஆணவ மலம் பழுத்துக் கழலும் நிலை. ஆன்மா பழுத்ததா என்று அறிந்தவன் இறைவன் ஒருவன்தான். அறிந்ததும் குருவாக அவனே இறங்கி வருகிறான். இதில் கார்டியன்களுக்குக் கசக்கும் இடம் ஒன்று உண்டு. ஆன்மா பழுக்கட்டும் என்று அவன் எதையும் பீரோவில் பூட்டி வைப்பதில்லை. தனு, கரணம், புவனம், போகம் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிடுகிறான். உடம்பையும் உலகத்தையும் கையில் எடுத்துப் புழங்கி, சுட்டுக்கொண்டு, அதிலேதான் பழுக்க வேண்டும். இத்தனைக்கும் பழுக்காத ஆன்மாவால் அவனுக்கு லாபம் கிடையாது. கவர்னருக்குக் கிஸ்தி உண்டு. எனக்கும் ஒன்று இருந்தது: கல்யாண வீடுகளில் “இவர்தான் அந்த மனையைக் கட்டிக் காப்பாத்தறவர்” என்று என்னைக் காட்டுவார்கள்.

எங்களுக்குப் பக்கத்து ஊரான திருவேற்காட்டில் பிறந்தவர் மூர்க்க நாயனார். அடியார்க்குச் சோறு போட்டே சொத்தை அழித்தார். பிறகு சூதாடிச் சோறு போட்டார். ஏமாற்றியவனைக் கத்தியால் குத்தவும் செய்தார். எந்தக் கார்டியனாவது இவர் கையில் பத்திரத்தைக் கொடுப்பானா? அறுபத்து மூவரில் ஒருவராக நிற்கிறார்.

1935-இன் இந்திய அரசாங்கச் சட்டம் வந்தபோது வெள்ளைக்காரர்களும் பீரோவைத் திறந்தார்கள், ஆனால் உள்ளறைச் சாவி கவர்னர் இடுப்பிலேயே இருந்தது. விசேஷப் பொறுப்பு என்று அதற்குப் பெயர். 1937 தேர்தலில் ஜெயித்த காங்கிரஸ், அந்தச் சாவியை அன்றாட வேலையில் எடுத்து ஆட்டமாட்டோம் என்ற உறுதி கேட்டுச் சில மாதம் பதவி ஏற்கவே இல்லை. ஜூலையில்தான் ராஜாஜி மந்திரிசபை அமைத்தார். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனார். வழக்குப் போட ஆள் கிளம்பிவிட்டது. அவர்களைக் காப்பாற்ற அதே மாதம் ஓர் அவசரச் சட்டம் வந்தது. ராஜாஜி கேட்டார், கையெழுத்துப் போட்டவர் கவர்னர் எர்ஸ்கின். அம்மன் சன்னதிக்கு யார் போகலாம் என்பதில் ஒரு வெள்ளைக்காரக் கிறிஸ்தவர் கையெழுத்து! எனக்கு இது உறுத்தவில்லை. கேட்டவர் உரியவர், போட்டவர் கார்டியன். முறை சரியாக இருந்தது. உறுத்துவது அக்டோபர். யுத்தத்தில் நம்மைக் கேட்காமல் சேர்த்ததற்காக மந்திரிசபை ராஜினாமா செய்தது. அந்த 1935 சட்டத்தின் 93-ஆம் பிரிவின் கீழ் அதே பேனாவுக்கு மாகாணம் முழுவதும் போனது. 1946 வரை திரும்பவில்லை.

பரதனும் கார்டியன்தான். பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து, தான் ஊருக்கு வெளியே நந்திகிராமத்தில் இருந்தான். அவனுக்கு ஒரு தேதி இருந்தது: பதினான்கு வருஷம். ராமனுக்குப் பக்குவம் வந்ததா என்று அவன் கேட்கவில்லை. நாள் தப்பப் போகிறதே என்று தீ மூட்டினான். உரியவன் வராமல் போய்விடுவானோ என்பது அவன் பயம். மற்றவர்கள் பயம் வந்துவிடுவானோ என்பது.

என் விஷயத்தில் அண்ணன் மகன் கேட்பதையே நிறுத்திவிட்டான். வருவான், பொங்கலுக்கு வேட்டி வைத்துக் கும்பிடுவான், பேப்பரைப் பற்றி மூச்சு விடமாட்டான். அதுதான் என்னைக் குடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் வைத்துப் பையைக் கொடுத்தேன். நீர்க்காகம் ஒன்று கல்லின்மேல் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. அவன் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆறே மாதத்தில் அரை கிரவுண்டை விற்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை போட்டான். இரண்டு வருஷத்தில் மூடினான். அந்த அரை கிரவுண்டு இன்றைக்கு என்ன விலை போகும் என்று யாராவது சொன்னால் வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

மிச்சத்தில் வீடு கட்டியிருக்கிறான். சுதந்திரம் வந்த பிறகும் ஆர்ச்சிபால்டு நை என்ற கவர்னர் 1948 செப்டம்பர் வரை இங்கேயே இருந்தார், மந்திரிசபைத் தலைவர் ஓமந்தூரார் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு. நானும் அப்படித்தான். அவர்கள் ஊருக்குப் போனால் வாசல் சாவியை என்னிடம் விடுவார்கள். காலையில் போய் மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டு வருகிறேன்.